கருவில் வந்ததற்குக் குற்றவாளி யார்?

(ஜோகுபாளையத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்பது இயலும் இசையும் நாடகமும் நிறைந்த நாள். சற்றுமுன் நம் சிறுவர் சிறுமியர் இம்மேடையில் ஏறிக் குறட்பாக்களை ஒப்பித்தனர். அவர்கள் தடுமாறிய இடத்திலும் நாம் கைதட்டினோம். பெற்றோர் உள்ளம் பூரித்தது. இம்மகிழ்ச்சிக்கு இடையே, மேடைக்கு வாராத பிள்ளைகளையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். ஒலிபெருக்கியின் ஓசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான் என்று ஒரு பிள்ளையைப் பாட்டியின் காவலில் விட்டுவிட்டு வந்த தாய் இந்த அவையில் இருக்கக்கூடும். ஓரிடத்தில் அமரமாட்டான், நாலு பேர் முன்னிலையில் தலைகுனிவு நேரும் என்று அஞ்சி, விழாவுக்கே வாராத தந்தையும் நம் தெருவில் இருக்கக்கூடும். அத்தகைய வீடுகளைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

வள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் மழலைச் சொல்லின் இனிமையைப் போற்றினார். அந்த மழலை வர வேண்டிய காலத்தில் வாராத வீட்டின் நிலை யாது? அவ்வீட்டில் முதலில் எழும் வினா, "குழந்தைக்கு என்ன செய்வது?" என்பதன்று; "இது யாரால் வந்தது?" என்பதே. இந்த இரண்டாம் வினா முதல் வினாவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், எத்தனையோ குழந்தைகளின் பொன்னான ஆண்டுகள் வீணாகின்றன.

ஒரு வீட்டின் கதை

யாரையும் அடையாளம் காட்டுவது நம் நோக்கமன்று. பல வீடுகளில் கண்டதை ஒரு வீடாக்கிச் சொல்கின்றோம்.

அல்சூர் ஏரியிலிருந்து நடந்து வரும் தொலைவில், குறுகிய சந்தொன்றில் ஒரு வீடு. தாத்தா காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்த குடும்பம். பேரனுக்கு வயது மூன்று நிறைந்துவிட்டது. "அம்மா" என்று ஒருமுறையும் அழைத்தானில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாரான். பொம்மை வண்டியைக் கவிழ்த்துவைத்து அதன் சக்கரம் சுழல்வதையே நாழிகைக் கணக்கில் நோக்குவான். எழுந்தால் ஓட்டந்தான், ஓரிடத்தில் நில்லான்.

வீட்டில் விசாரணை தொடங்கியது. முதற்குற்றவாளி தாய். "கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாய், கைப்பேசியைக் கையில் கொடுத்துக் கெடுத்தாய், உன் பிறந்த வீட்டு வழியிலேதான் இப்படி யாரோ இருந்திருக்க வேண்டும்" என்றனர். சில திங்களில் அப்பெண் குழந்தையுடன் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

இரண்டாம் குற்றவாளி யார் தெரியுமா? நம் தமிழ்! "வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்றால் பிஞ்சு மூளை குழம்பாதா? இனி ஆங்கிலம் ஒன்றே பேசுங்கள்" என்று ஒருவர் அறிவுரை பகர்ந்தார். ஆங்கிலம் அறியாத பாட்டி அன்று முதல் பேரனிடம் வாய் திறக்கவில்லை. தாலாட்டும் நின்றது, கதையும் நின்றது. பேசாத குழந்தை ஒன்று இருந்த வீட்டில் பேசாத பாட்டியும் ஒருத்தி ஆனாள்.

பெரியோர்களே! இவ்விருவர் மீதும் சாட்டப்பட்ட குற்றத்தை அறிவியல் என்னும் நடுவர் மன்றத்தில் வைத்துப் பார்ப்போம்.

தாய் குற்றவாளியா?

1943ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர், பிறரோடு ஒட்டாமல் தமக்குள்ளேயே ஒடுங்கிய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இன்று ஆட்டிசம் என்று நாம் வழங்கும் நிலைமை அவ்வாறு மருத்துவ உலகுக்கு நன்கு அறிமுகமாயிற்று. இஃது இயல்பிலேயே உடன்பிறப்பது என்று அவர் முதலில் கருதினார். ஆயினும் பின்னர், பெற்றோரின் அன்பற்ற குளிர்ந்த உள்ளமே காரணம் என்னும் கருத்து ஓங்கியது. அக்கருத்து வளர அவருடைய எழுத்தே ஓரளவு இடங்கொடுத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மேனாட்டுத் தாய்மார் எத்தனையோ பேர் இப்பழியைச் சுமந்தனர். 1969ஆம் ஆண்டு பெற்றோர் கூடிய அவையொன்றில் அதே கானர் எழுந்து, பெற்றோரைக் குற்றத்தினின்று விடுவிப்பதாக அறிவித்தார். மாமேதையும் பிழை செய்யலாம். பிழையை அவையில் ஒப்புக்கொள்வதே மேன்மை.

கருத்தை மெய்ப்பிக்கச் சான்று வேண்டுமல்லவா? 1977ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் 21 இணை இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கேனும் ஆட்டிசம் இருந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த, ஒத்த இரட்டையர் 11 இணை. இரு கருவில் உதித்த இரட்டையர் 10 இணை. ஒத்த இரட்டையருள் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் காணப்பட்டது. மற்ற இரட்டையருள் ஓர் இணையிலும் இல்லை. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே பால், ஒரே தாலாட்டு. வேறுபாடு மரபணுவில் மட்டுமே.

இவ்வாய்வில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஆட்டிசம் என்று குறுக்கிப் பாராமல், பேச்சிலும் அறிவு வளர்ச்சியிலும் உள்ள பிற தடைகளையும் சேர்த்து நோக்கியபோது, ஒத்த இரட்டையருள் 11இல் 9 இணைகள் ஒன்றுபட்டன. மரபு வழி வருவது ஒரு தனி நோயன்று. மூளை வளரும் பாங்கில் ஒரு பரந்த சாய்வே மரபு வழி வருகிறது என்பதற்கு அதுவே முதற்குறிப்பு.

அதன்பின் ஆய்வுகள் பெருகின. ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 20 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, ஆட்டிசம் ஒருவர்க்கு வருவதும் மற்றொருவர்க்கு வாராமையுமாகிய வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு மரபணுவைச் சார்ந்தது என்று கணக்கிட்டது. கவனம் நில்லாமையும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்னும் நிலைமைக்கும் ஏறக்குறைய இதே அளவே சொல்லப்படுகிறது.

"அவ்வாறாயின் தாயின் மரபணுதானே?" என்று மாமியார்மார் கேட்கலாம். பொறுமின்! குழந்தையின் மரபணுக்களில் பாதி தந்தையுடையது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவையன்றி, தனித்தனியே மிகச் சிறிதளவே செயற்படும் எண்ணற்ற மாறுபாடுகள் இருபுறத்திலிருந்தும் வந்து சேர்கின்றன. சில மாற்றங்களோ தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. கரு உருவாகும் வேளையில் புதிதாகத் தோன்றுபவை. ஏட்டைப் படியெடுப்பவன் கை தவறி ஓர் எழுத்தை மாற்றிவிடுவது போன்றது அது. அத்தகைய புதுப்பிழைகளின் எண்ணிக்கை தந்தையின் வயது ஏற ஏறக் கூடுகிறது என்பது 2012ஆம் ஆண்டின் ஆய்வு முடிவு. ஆகவே தாய்வீட்டை நோக்கி நீளும் விரல், நேர்மையாயின், எல்லாத் திசையிலும் நீள வேண்டும். அல்லது மடங்க வேண்டும். மடங்குவதே அறிவு. தன் விருப்பத்தால் ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுத்துக் குழந்தைக்குக் கொடுத்த தாயோ தந்தையோ இவ்வுலகில் எவரும் இலர்.

தமிழ் குற்றவாளியா?

பல மொழி கேட்பதால் குழந்தைக்கு ஆட்டிசம் வருவதில்லை. ஆட்டிசமுடைய குழந்தைகளிலும், இருமொழி வீட்டில் வளர்வோர் ஒருமொழி வீட்டில் வளர்வோரைவிடப் பேச்சில் பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பேச்சுக்கு வித்து, குழந்தையின் முகம் பார்த்து அன்போடு பேசும் ஒரு வாய். அந்த வாய்க்கு இயல்பாக வரும் மொழியே குழந்தைக்கு நல்ல மொழி. ஒருத்திக்குப் பழக்கமில்லாத மொழியை அவள் நாவில் திணித்தால், "சாப்பிடு, உட்கார், வேண்டாம்" என்னும் கட்டளைகள் மட்டுமே எஞ்சும், கொஞ்சல் போய்விடும். இதனைத் தமிழ்ப்பற்றினால் கூறுகின்றோம் என்று எண்ணற்க. கன்னட வீட்டில் கன்னடமும் தெலுங்கு வீட்டில் தெலுங்கும் பேசுக என்பதே நம் கருத்து. நாம் சொன்ன வீட்டில் அந்தப் பாட்டி மீண்டும் வாய் திறக்கட்டும்!

தனியே வாராத விருந்தாளிகள்

இனி இவ்வுரையின் முதன்மையான செய்திக்கு வருகின்றோம். இந்நிலைமைகள் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., எழுத்தறிவில் தடுமாறும் கற்றல் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, பேச்சுத் தாமதம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று வந்த வீட்டின் வாயிலில் மற்றொன்றும் நிற்கலாம்.

நம் நாட்டிலேயே ஹைதராபாத், வட கோவா, ஒடிசாவின் தேன்கனல், ஹரியானாவின் பல்வல், இமாசலத்தின் காங்க்ரா ஆகிய ஐந்து இடங்களில், 2 முதல் 9 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4,000 குழந்தைகளை ஆராய்ந்த முடிவு 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏறத்தாழ எட்டில் ஒரு குழந்தைக்கு இத்தகைய குறைபாடு ஒன்றேனும் இருந்தது. அவ்வாறு குறைபாடுடைய குழந்தைகளுள் ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன. ஆட்டிசமுடையோரை மட்டும் எடுத்து நோக்கிய உலக ஆய்வுகளில், நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர்க்கு ஏ.டி.எச்.டி.யும் உடனிருந்தது.

ஏன் இவ்வாறு? வேர் ஒன்றாயிருப்பதால். பதினாறாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப்போவதுண்டு. அதே துண்டு விடுபட்ட ஒரு குழந்தைக்கு ஆட்டிசம், மற்றொன்றுக்கு அறிவு வளர்ச்சித் தாமதம், வேறொன்றுக்கு வலிப்பு, பின்னும் ஒருவர்க்கு மிகச் சிறிய குறையே. வேர் ஒன்று, கிளைகள் பல. மருத்துவர்கள் நூலில் எழுதிய பெயர்களுக்கு இடையே வேலி உண்டு. மரபணுக்களுக்கு அந்த வேலி தெரியாது. 2013ஆம் ஆண்டு வரை மருத்துவரே இவ்வுண்மையை முழுதும் ஏற்றாரில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்னும் பெயரையும் சேர்த்துச் சூட்டலாகாது என்று விதித்திருந்தது. அவ்வாண்டுப் பதிப்பில்தான் அத்தடை நீங்கியது.

இதனால் நமக்கு விளையும் பயன் யாது? ஒரு குறையைக் கண்டவுடன் ஆராய்ச்சியை நிறுத்தலாகாது. "ஆட்டிசம், அதனால்தான் படிப்பு வரவில்லை" என்று முடிவு கட்டிவிட்டால், உள்ளே ஒளிந்திருக்கும் கற்றல் குறைபாடோ, செவிக்குறையோ, கண்விழித்தபடியே நேரும் சிறு வலிப்போ கவனிக்கப்படாமலே போகும். அவற்றுள் சில மருந்துக்குக் கட்டுப்படுபவை. அவற்றைக் கவனித்த பின்பே பேச்சுப் பயிற்சியும் பலன் தரும்.

நாம் சொன்ன வீட்டுப் பிள்ளையை இறுதியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். செவி, பேச்சு, அறிவு, வலிப்பு எல்லாம் சோதித்த மருத்துவர், ஒரு தாளை எடுத்துக் குடும்ப மரத்தை வரையலானார். தந்தை வழியில் யார் யார், தாய் வழியில் யார் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்போது பாட்டி மெல்லச் சொன்னாள்: "என் மகனும் அஞ்சு வயசு வரைக்கும் சரியாப் பேசலைங்க. பள்ளிக்கூடத்தில ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல. அப்போ யாரும் இதையெல்லாம் பெரிசா எடுத்துக்கல." அறையில் அமைதி நிலவியது. மருமகள் தலை நிமிர்ந்து பார்த்தாள். தந்தை தம் சிறுபிராயத்து அடிகளையெல்லாம் அன்றுதான் புரிந்துகொண்டார். மருத்துவர் எவரையும் குறை கூறவில்லை. அடுத்த கட்டத்தில் இன்னொரு பெயரை எழுதினார்.

உறவுத் திருமணம்

நம் குடும்பங்களுக்கு உரிய மற்றொரு செய்தியையும் மறைக்காமல் கூறவேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்டிர், கர்நாடகத்தில் 27 பெண்டிர், உறவில் மணம் புரிந்தோர். இந்தியா முழுமைக்கும் அவ்வெண் 11. ஆகவே ஊர் மாறினும் நாம் இவ்வழக்கத்தின் நடுவிலேயே வாழ்கின்றோம்.

இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் அப்பாஜி ராவ் முதலிய அறிஞர், 1980ஆம் ஆண்டு தொடங்கிக் கர்நாடகத்தில் பிறந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் குருதித் துளிகளைச் சோதித்தனர். பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உறவில் மணந்தோர் என்பதும், அவற்றுள் தாய்மாமன் அக்காள் மகளை மணப்பது மிகுதி என்பதும் அப்போது தெரிய வந்தன. உடலில் சில சத்துப்பொருள்கள் முறையாகச் செரியாமல், நஞ்சாகித் தேங்கி, மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பிறவிக் குறைகளே அவர்கள் தேடியவை.

நம் ஒவ்வொருவர் உடலிலும் பழுதான மரபணுப் படிகள் சில உறங்கிக் கிடக்கின்றன. மற்றொரு படி நன்றாயிருப்பதால் தீங்கில்லை. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு மரபணு பொது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் எட்டில் ஒரு பங்கு. எனவே ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு குழந்தைக்கு இரு பழுதும் ஒருங்கே வந்து சேரும்.

இதனையும் அளவோடு உணர்தல் வேண்டும். உறவில் மணந்தோரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். எந்தப் பெற்றோர்க்கும் நூற்றில் மூன்று குழந்தைக்குப் பிறவிக் குறை நேரலாம் எனின், மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் அது ஏறக்குறைய ஆறாகும். ஆட்டிசமுடைய குழந்தைகள் பலர் உறவில் மணவாதோர் வீட்டிலேயே பிறக்கின்றனர். ஆகவே முன்னமே மணந்தவர்களைப் பழிப்பதற்கு இக்கணக்கைப் பயன்படுத்தற்க. இனி மணம் பேசுவோர், குடும்பத்தில் வளர்ச்சிக் குறையோ வலிப்போ பச்சிளம் குழந்தைச் சாவோ முன்பு நேர்ந்திருந்தால், தாலிக்கு முன்னரே மரபியல் மருத்துவரைக் கலந்தறிக. சாதகப் பொருத்தம் பார்க்க ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும்.

மரபணு ஒன்றே யாவுமன்று என்பதையும் மறவற்க. குறைமாதப் பிறப்பு, குறைந்த எடை, பிறந்தவுடன் அழாமை, மூளைக் காய்ச்சல் ஆகியனவும் மேற்கூறிய 2018ஆம் ஆண்டு ஆய்வில் காரணங்களாகக் காணப்பட்டன. இவற்றில் பலவற்றை நல்ல மகப்பேற்று மருத்துவம் தடுக்கும்.

நாம் செய்யத்தக்கவை

ஓராண்டு நிறைந்தும் பெயர் சொன்னால் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, ஒரு சொல்லும் வாராமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, வந்த சொல் மறைந்துபோதல் ஆகியவை கண்டால் காத்திராதீர்கள். "ஆண்பிள்ளை, மெதுவாகப் பேசுவான்" என்று கூறும் அண்டை வீட்டாரின் அன்பு நல்லதே. அதற்காக ஓராண்டை இழக்கலாகாது. முதலில் செவியைச் சோதியுங்கள். பின் குழந்தை மருத்துவரைக் காணுங்கள். நாடெங்கிலுமிருந்து மக்கள் தேடி வரும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை, நமக்கோ ஓசூர்ச் சாலையில், சில கல் தொலைவில் இருக்கிறது.

மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால், அடுத்து வரும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது வரலாம். அஞ்சுவதற்காக அன்று; கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கூர்ந்து நோக்குவதற்காகவே இதனைக் கூறுகின்றோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அறிவுத்திறன் குறைபாடும் அவற்றுள் அடங்கும். ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்த நிலையையும் அச்சட்டம் ஏற்கிறது. சான்றிதழ் பெறுவது இழிவன்று. அது குழந்தையின் உரிமைச் சீட்டு.

நிறைவாக நம் சங்கத்துக்கே ஒரு வேண்டுகோள். இங்கு வந்து குடியேறிய நம் முன்னோர், மொழி தெரியாத ஊரில் பேச்சற்றவராய் நின்ற நாள்கள் உண்டு. தாம் சொல்வது பிறர்க்குப் புரியாத துன்பத்தை அவர்கள் அறிவார்கள். அவர்தம் வழிவந்த நாம், சொல் வாராத ஒரு குழந்தையை ஒதுக்கலாமா? அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி வைப்போம். வாயிலருகே விசிறியும் பாயும் இட்ட ஓர் அமைதியான இடம் ஒதுக்குவோம். ஓடும் பிள்ளையைக் கண்டு முகம் சுளிக்காத இரண்டு இளைஞர்களை அங்கே நிறுத்துவோம். "உங்கள் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்" என்று வீடு தேடிச் சென்று சொல்வோம்.

அந்தப் பிள்ளை மேடையேறிக் குறள் ஒப்பிக்காமற் போகலாம். பாட்டியின் மடியில் அமர்ந்து நம் பிள்ளைகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவே போதும். அவன் தாய் நம் நடுவே தலை நிமிர்ந்து அமர்ந்திருந்தால், இச்சங்கம் எதற்காக அமைந்ததோ அது நிறைவேறிற்று என்று கொள்வோம்.

வாழ்க நம் குழந்தைகள்! வளர்க தமிழ்!